ஒற்றை இன்ஜினும் ஒரு ரப்பர் வளையமும்

(கொடைக்கானலில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, மாணவர்களுக்கு உற்சாகம் தர்ற மாதிரி அரை மணி நேரம் பேசணும்" என்றார். உற்சாகம் தருகிற ஆள் நான் இல்லை. 2010-ல் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, அன்று முதல் விமான இன்ஜின் பராமரிப்பில் கிரீஸும் ஆயிலுமாக இருக்கிறவன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நேற்று மலையேறினேன். தலைப்பைக் கொடுத்தது ஒரு மூன்றாமாண்டு தம்பி.

நேற்று சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் எல்லோரும் நடந்தோம் இல்லையா? மூடுபனி விலகி, கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரிந்த நேரம். தலைக்கு மேலே உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணா, அதுல ஒரு இன்ஜின் நின்னு போச்சுன்னா நேரா நம்ம தலையிலதான் விழுமா?"

பக்கத்திலிருந்த சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். இப்போது தம்பியின் கேள்விக்குக் கணக்கில் பதில் சொல்லிவிடுவோம்.

நேற்று பார்த்த மாதிரியான விமானம் சுமார் 35,000 அடியில் பறக்கும். அதற்கு இரண்டு இன்ஜின். ஒன்று நின்றால், மிச்சமிருக்கிற ஒன்றால் அந்த உயரத்தில் அதைத் தாங்க முடியாது, உண்மைதான். காற்று மெல்லியது, தள்ளுவிசை பற்றாது. ஆனால் கல் மாதிரி விழாது. விமானி நல்ல இன்ஜினுக்கு அனுமதிக்கப்பட்ட முழு விசையைக் கொடுத்துவிட்டு, இறக்கைக்கு எந்த வேகம் சிக்கனமோ அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்குவார். எடையைப் பொறுத்து இருபதாயிரத்துச் சொச்சம் அடிக்கு வந்ததும் அது சமமாகப் பறக்கத் தொடங்கிவிடும். பழனி மலைத்தொடரில் உயரமான வந்தரவு 2,533 மீட்டர், அதாவது சுமார் 8,300 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஆக, ஒற்றை இன்ஜினில் போகிற விமானத்துக்கும் நம் தலைக்கும் நடுவே இன்னும் இரண்டரை மைல் இடைவெளி இருக்கும். இமயமலை வேறு கதை. அங்கே எந்த இடத்தில் இன்ஜின் நின்றால் எந்தப் பக்கம் திரும்பி எந்தப் பள்ளத்தாக்கு வழியாக வெளியே வரவேண்டும் என்பதை, கிளம்புவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்திருப்பார்கள்.

சரி, இரண்டும் நின்றால்? அப்போதும் விமானம் ஒரு கிளைடர்தான். ஒரு மைல் இறங்குவதற்குள் ஏறத்தாழ பதினேழு மைல் முன்னே போகும். 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று ஜாவா தீவுக்கு அருகில், காலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்து, நான்கு இன்ஜினும் நின்றுபோனது. எரிக் மூடி என்பவர் கேப்டன். ஜகார்த்தாவுக்குப் போக வேண்டுமானால் கடலோர மலைகளைத் தாண்ட வேண்டும், அதற்குக் குறைந்தது 11,500 அடி வேண்டும். அந்த உயரம் கைவிட்டுப் போனால் மலைப்பக்கமே போகக்கூடாது, திரும்பிக் கடலில் இறக்குவது என்று முடிவு செய்து வைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, சாம்பலை விட்டுக் கீழே வந்ததும் இன்ஜின்கள் மறுபடி பிடித்தன. ஜகார்த்தாவில் இறங்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை.

மலையைப் பற்றிப் பேசும்போது இந்த வட்டாரத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 1971 டிசம்பர் 9. மதுரைக்கு இறங்க வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், இங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் பார்வை மங்கல். விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். இன்ஜின் நின்றதால் அல்ல. மலைப்பகுதியில் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே வந்துவிட்டதால். ஒரு இன்ஜினை இழந்து பத்திரமாக இறங்கியவர்கள் ஏராளம். எங்கே இருக்கிறோம், என்ன உயரத்தில் இருக்கிறோம் என்பதை இழந்தவர்களுக்குத்தான் திரும்பி வருவது கஷ்டம்.

அதனால்தான் விமானிகளுக்கு முதல் நாளிலிருந்து ஒரு வரிசையைச் சொல்லித் தருகிறார்கள். முதலில் விமானத்தைப் பறக்க வை. அடுத்து வழியைப் பார். அதற்கப்புறம்தான் பேச்சு. இன்ஜின் வெடித்தாலும் சரி, மணி அடித்தாலும் சரி, ஒருவர் கையும் கண்ணும் பறப்பதில் மட்டும்தான் இருக்கும். மற்றவர் கோளாறைப் பார்ப்பார். இரண்டு பேரும் சேர்ந்து கோளாறைப் பார்க்கத் தொடங்கினால் அங்கே பிடிக்கிறது சனி.

இன்ஜின் பழுது வருவதற்கு ரொம்ப மோசமான இடம் எது? தரையை விட்டுக் கிளம்புகிற நேரம். அதற்கு 'வி ஒன்' என்று ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகத்துக்கு முன்னால் கோளாறு தெரிந்தால் பிரேக் போட்டு ஓடுபாதையிலேயே நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் நிற்க இடம் போதாது, ஒற்றை இன்ஜினோடு மேலே போயாக வேண்டும். அதைத் தாண்டும் நேரத்தில் கேப்டன் கையை விசைநெம்புகோலில் இருந்தே எடுத்துவிடுவார். மனசு மாறி இழுத்துவிடக்கூடாதே என்று!

ஒற்றை இன்ஜினில் எவ்வளவு ஏறும்? சக்கரத்தை மடக்கிய பிறகு குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற முடிய வேண்டும் என்பது இரட்டை இன்ஜின் விமானத்துக்கான சட்டம். நூறு மீட்டர் போனால் 2.4 மீட்டர் உயரம். நீங்கள் நேற்று வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்த பஸ், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் 1,800 மீட்டர் ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் பஸ்தான் ஜெயித்தது! (சிரிப்பு) ஆனால் அந்த 2.4 போதும். ஓடுபாதைக்கு எதிரே மலையோ கோபுரமோ இருந்தால், ஒரு இன்ஜின் நின்றால் எந்தப் பக்கம் திரும்பிப் போவது என்று அந்தந்த விமான நிலையத்துக்குத் தனி வழியே வகுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கிளம்பிய உடனே இன்ஜின் நின்றாலும், குறைந்தது 400 அடி ஏறும் வரை கோளாறுப் பட்டியலைத் தொடவே மாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, 'அட, தீப்பிடிச்ச மணி அடிக்குது, இவன் சும்மா உட்கார்ந்திருக்கானே' என்று தோன்றும். அவர் சும்மா இல்லை. ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் மூக்கு திரும்புகிறது, அதை ரட்டர் மிதியால் காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 1989 ஜனவரி 8, இங்கிலாந்தில் கெக்வொர்த். போயிங் 737-400. இடது இன்ஜினில் விசிறி இதழ் ஒன்று உடைந்து, குலுக்கலும் புகையுமாகிறது. விமானிகள் வலது இன்ஜினை நிறுத்திவிட்டார்கள், அதாவது நல்ல இன்ஜினை. குலுக்கல் தற்செயலாகக் குறைந்ததால், செய்தது சரி என்றே நம்பினார்கள். இறங்கும் நேரத்தில் பழுதான இன்ஜினும் கைவிட்டது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகள் சிலர் இடது பக்கம் தீப்பொறி வருவதைப் பார்த்திருந்தார்கள், கேப்டன் 'வலது' என்று அறிவித்ததையும் கேட்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. 2015 பிப்ரவரி 4, தைவானில் டிரான்ஸ் ஏசியா ஏடிஆர் விமானம். இரண்டாம் இன்ஜின் பழுது, நிறுத்தப்பட்டது ஒன்றாம் இன்ஜின். 58 பேரில் 43 பேர் போனார்கள்.

ஆகவேதான் இப்போது எந்த விமானியும் தனியாக ஒரு இன்ஜினை நிறுத்தமாட்டார். ஒருவர் நெம்புகோல் மேல் கையை வைத்து, "நம்பர் ஒன் திரஸ்ட் லிவர், கன்ஃபர்ம்?" என்பார். மற்றவர் திரும்பிக் கண்ணால் பார்த்து, "கன்ஃபர்ம்ட்" என்று சொன்ன பிறகுதான் இழுப்பார். எரிபொருள் சுவிட்சுக்கும் அதேதான், தீயணைப்புப் பொத்தானுக்கும் அதேதான். சிமுலேட்டரில் வருஷத்துக்கு இரண்டு தரம் இதைச் செய்து காட்டித்தான் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நாமெல்லாம் டிகிரி வாங்கியதோடு பரீட்சைக்கு முழுக்குப் போட்டோம், அவர்களுக்கு ரிட்டயர் ஆகும் வரை பரீட்சை.

ஆமதாபாத் விபத்தைக் கேட்பீர்கள் என்று தெரியும். 2025 ஜூன் 12, ஏர் இந்தியா. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் 19 பேரும் இறந்தார்கள். கிளம்பிய சில வினாடிகளில் இரண்டு இன்ஜின்களுக்குமான எரிபொருள் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போயின என்று அதே ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. ஏன் போயின என்பதைப் பற்றி டீக்கடையிலும் டிவியிலும் நிறையப் பேசியாயிற்று. நான் அதில் ஒரு வார்த்தை சேர்ப்பதாக இல்லை. பொறியாளராகச் சொல்ல முடிந்தது இவ்வளவே: நான் இதுவரை சொன்ன முறைகள் எல்லாவற்றுக்கும் உயரம் வேண்டும், இல்லையென்றால் நேரம் வேண்டும். அங்கே இரண்டும் இல்லை.

நேரம் இருக்கிறபோது அதை எப்படிச் செலவழிப்பது என்பதும் ஒரு கலை. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சி வானத்தை நீங்கள் எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஷார்ஜா போகக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-ல் ஹைட்ராலிக் கோளாறு. மாலையில் கிளம்பியது, இரண்டரை மணி நேரம் சுற்றியது, இரவு 8.15 வாக்கில் பத்திரமாக இறங்கியது. கீழே ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் தயார். வீட்டில் அம்மா அழுதுகொண்டே, "ஏன்டா இவ்வளவு நேரம் சுத்துறான், இறக்க வேண்டியதுதானே?" என்று எனக்குப் போன் பண்ணினார்கள். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்ட வழி கிடையாது. வளைகுடா வரை போக நிரப்பிய எரிபொருளோடு, ஹைட்ராலிக் குறையோடு, அவ்வளவு எடையில் இறங்குவதைவிட எரித்துக் குறைத்துவிட்டு இறங்குவது நல்லது. ஆனால் இன்ஜின் கோளாறு என்றால் கணக்கு மாறும். மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, அதை நம்பி வட்டமடிக்கக்கூடாது. எடை அதிகமானாலும் பரவாயில்லை, பக்கத்தில் தகுந்த இடத்தில் இறக்கிவிடு, சக்கரத்தையும் சட்டத்தையும் எங்களை மாதிரி ஆட்கள் அப்புறம் சோதித்துக்கொள்வார்கள்.

எல்லா நேரமும் திரை உண்மையை நேராகச் சொல்லிவிடாது என்பதற்கு 2016 ஜூன் 27. சிங்கப்பூரிலிருந்து மிலானுக்குப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777, பயணிகளும் சிப்பந்திகளுமாக 241 பேர். கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனபோது வலது இன்ஜினில் ஆயில் அளவு குறைவாகக் காட்டியது, அதிர்வும் வந்தது. விசையைக் குறைத்தால் அதிர்வு நின்றது. திரும்ப முடிவெடுத்து, அந்த இன்ஜினை ஐடிலில் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கே வந்தார்கள். எல்லாருடைய மனசிலும் 'ஆயில்'. உண்மையில் நடந்தது வேறு. எரிபொருளும் ஆயிலும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் ஓடி வெப்பம் மாற்றிக்கொள்கிற கருவியில் ஒரு குழாய் விரிசல் விட்டு, எரிபொருள் ஆயிலுக்குள் கசிந்து, இன்ஜின் முழுக்கப் பரவிவிட்டது. இறங்கியவுடன் வலது இறக்கை பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே இருந்ததால் சில நிமிஷத்தில் அணைத்தார்கள். கேப்டன் அவசரச் சறுக்குகளைத் திறக்கவில்லை. தீயணைப்புத் தலைவரோடு பேசிக்கொண்டே காத்திருந்து, பிறகு படிக்கட்டு வழியாக எல்லோரையும் இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை. காத்திருந்தது சரியா என்று ஒருபாடு விவாதம் நடந்தது. என் கருத்தைக் கேட்டால், நெருப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் போய் 'எல்லாம் முறைப்படிதான்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

இப்போது நேற்று நான் சிரிக்காததன் காரணத்துக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். கம்பெனி பேர் வேண்டாம், விமான நிலையத்தின் பேரும் வேண்டாம். ராத்திரி ஷிப்ட். இன்ஜின் ஆயில் ஓடுகிற பாதையில் காந்த முளை மாதிரி ஒன்று இருக்கும், மேக்னடிக் சிப் டிடெக்டர் என்போம். உள்ளே பேரிங் தேய்ந்தால் வருகிற இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டும்போது புது ஓ-ரிங் போட வேண்டும். ஓ-ரிங் என்றால் ஒன்றுமில்லை, குக்கர் மூடியில் இருக்கிற காஸ்கெட்டின் தம்பி. மோதிர சைஸ் ரப்பர் வளையம். அது இல்லையென்றால் குக்கரில் ஆவி போகிற மாதிரி இங்கே ஆயில் போகும்.

அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, விமானமும் தாமதமாக வந்தது. காலை ஆறு மணிக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். நான் டிடெக்டரைத் துடைத்துப் பார்த்தேன், சுத்தம். புது வளையத்தைக் கவரிலிருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வேறொரு வேலைக்கு டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து டிடெக்டரை மாட்டி, வேலைத்தாளில் 'புதிய ஓ-ரிங் பொருத்தப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சீனியர் என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினை ஓட்டிக் கசிவு பார்த்தோம், ஆனால் பார்க்க வேண்டிய அளவு நேரம் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ரூமில் தூங்கி எழுந்து ஓவராலைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் கையை விட்டேன். வளையம் என் விரலில் மாட்டியது.

அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. காலையில் கிளம்பிய விமானம் வழியில் ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு வேறு ஊரில் இறங்கியிருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆயில் கசிவு என்று போனில் தகவல் வந்திருந்தது. கையில் அந்த வளையம். ரூமில் வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சாக்கடை. தூக்கிப் போட்டிருந்தால், 'உள்ளே போட்ட வளையம் கிழிந்து ஆயிலோடு போயிருக்கும்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்லவில்லை, நண்பர்களே, அரை மணி நேரம் யோசித்தேன். வீட்டில் தங்கைக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் சம்பளத்தை நம்பித்தான். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் சீனியர் கையில் கொடுத்தேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "வா, போய்ச் சொல்லிடுவோம்" என்றார். என்னை ஆறு மாதம் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அவருடைய கையெழுத்து அதிகாரத்தை அதைவிட நீண்ட காலம் பிடித்து வைத்தார்கள். இன்று வரை அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த விமானத்தை ஓட்டிய கேப்டன் ஹேங்கருக்கு வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயசிருக்கும். என்னைத் தேடித்தான் வந்தார் என்று தெரிந்ததும் எனக்குக் கால் நடுங்கியது.

"தம்பி, நீங்கதான் அந்த டிடெக்டர் மாட்டினவரா?"

"ஆமா சார்."

"காப்பி குடிச்சாச்சா?"

கேண்டீனில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான், நான் இதுவரை படித்த எந்தப் புத்தகத்தையும்விட எனக்குப் புரிந்த பாடம்.

"மேல ஏறி நிமிர்ந்துட்டோம். கீழே பழனி மலை. காலை வெயில்ல கொடைக்கானல் ஏரி வெள்ளித் தட்டு மாதிரி தெரிஞ்சுது. கோ பைலட் பொண்ணு, சின்ன வயசு, கண்ணு கூர்மை. 'சார், நம்பர் டூ ஆயில் பதினொண்ணு காட்டுது, கிளம்பும்போது பதினெட்டு'ன்னுச்சு. மணி ஒண்ணும் அடிக்கல, சிவப்பு விளக்கும் எரியல. மீட்டர் பொய் சொல்லுதோன்னு பார்த்தேன். அடுத்த நாலு நிமிஷத்துல ஒன்பது. அழுத்தம் மட்டும் நார்மல். அப்பத்தான் முடிவு பண்ணினேன், இது நிஜம், கொஞ்ச நேரத்துல அழுத்தமும் போகும்னு. நாமளா நிறுத்துறதா, அது கேட்கிற வரைக்கும் ஓட்டுறதா? ஓட்டினா நமக்கு ரெண்டு இன்ஜின் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அந்தப் பத்து நிமிஷத்தை வச்சு இறங்க ஆரம்பிச்சேன்."

கோவை, மதுரை, திருச்சி மூன்றுமே எட்டுகிற தூரம். மூன்றிலும் வானிலை என்ன, ஓடுபாதை எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் மலையில்லாமல் இறங்கலாம் என்று அந்தப் பெண் கேட்டு வாங்கினார். முதலில் 'பான் பான்' என்று மூன்று முறை சொன்னார்கள், அது அவசரம் என்கிற அறிவிப்பு. அழுத்தம் விழுந்து சிவப்பு எரிந்து இன்ஜினை நிறுத்திய பிறகு 'மேடே'. நிறுத்தும்போது அதே "கன்ஃபர்ம்? கன்ஃபர்ம்ட்" முறைதான். "என் கை சரியான லிவர் மேலதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு உடனே சொல்லல. திரையைப் பார்த்துச்சு, லிவரைப் பார்த்துச்சு, மறுபடி திரையைப் பார்த்துச்சு. மூணு செகண்ட். எனக்கு அந்த மூணு செகண்டும் ரொம்பப் பிடிச்சுது" என்றார்.

பிறகு தலைமைப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நான்கு விஷயம் சொன்னார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நிமிஷம் இருக்கிறது, நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியது என்ன. அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. பயணிகளிடம், ஒரு இன்ஜினை முன்னெச்சரிக்கையாக நிறுத்தியிருக்கிறோம், பக்கத்து ஊரில் இறங்குகிறோம் என்று ஒளிக்காமல் தமிழிலும் இங்கிலீஷிலும் அவரே சொன்னார். இறங்கி நின்றதும் ஒரு பயணி வாசலில், "கல்யாண முகூர்த்தத்தை மிஸ் பண்ண வச்சுட்டீங்களே" என்று சண்டை போட்டாராம். "அவர் திட்டினது எனக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்துச்சு தம்பி. திட்டுறதுக்கு ஆள் இருக்காரே!"

பிறகு அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1983 மே 5, அமெரிக்கா. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிரைஸ்டார், மயாமியிலிருந்து நாசாவுக்கு, 172 பேர். மூன்று இன்ஜின். முதலில் நடு இன்ஜினில் ஆயில் அழுத்தம் போக, அதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மற்ற இரண்டிலும் ஆயில் பூஜ்யம் என்று காட்டியது. மூன்றிலும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும், மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தார்கள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் அடுத்தடுத்து நின்றன. சுமார் 13,000 அடியிலிருந்து 4,000 அடி வரை எந்த இன்ஜினும் இல்லாமல் கடலை நோக்கி இறங்கினார்கள். முதலில் நிறுத்திய நடு இன்ஜினில் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருந்ததால் அது பிடித்தது, அந்த ஒன்றில் மயாமி வந்து சேர்ந்தார்கள். காரணம்? முந்தின இரவு மூன்று இன்ஜினிலும் சிப் டிடெக்டரை ஓ-ரிங் இல்லாமல் மாட்டியிருந்தார்கள். வழக்கமாக வளையம் போட்டே தயாராக அலமாரியில் இருக்கும். அன்று அலமாரி காலி, ஸ்டோரிலிருந்து வந்ததில் வளையம் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. தாளில் மட்டும் 'புதிய ஓ-ரிங்' என்று கையெழுத்து இருந்தது.

எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. "சார், நான் அன்னிக்கு ரெண்டு இன்ஜினுக்கும் செய்ய வேண்டியது" என்றேன். உண்மை அதுதான். இடது பக்கத்து டிடெக்டரையும் என்னையே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஆள் ஒரே ராத்திரியில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது என்று சீனியர்தான் பிடிவாதமாக மறுத்து, அதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். மயாமிக் கதைகளுக்குப் பிறகு இந்தத் தொழிலில் வந்த எச்சரிக்கை அது. அன்று எனக்கு அது வெறும் கிழட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது, வேலை முடிந்தால் சீக்கிரம் போகலாமே என்று முணுமுணுத்தேன்கூட.

கேப்டன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ரிங் எங்கே இப்போ?" என்றார்.

"விசாரணை ஃபைல்ல வச்சிருக்காங்க சார். கவர்ல போட்டு, தேதி எழுதி."

"நல்லது" என்றார். காப்பிக்கு நான் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை.

சங்கச் செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. இந்தத் துறைக்கு எப்படி வருவது, லைசென்ஸ் பரீட்சை எப்படி என்று கேட்க நினைக்கிற தம்பி தங்கைகள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கோக்கர்ஸ் வாக் தம்பிக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.